கோள்கள் பற்றிக் குழந்தைகளுக்கு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்

வணக்கம். ஐந்து வயது மகளுக்குக் கோள்களை அறிமுகப்படுத்தப் புத்தகம் தேடுகிறேன். பேசும் நிலா, சிரிக்கும் சூரியன் கதைகள் நிறையவே இருக்கின்றன. எனக்கு வேண்டியது உண்மைத் தகவல் உள்ளவை. தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.

பார்த்தவற்றில் பெரும்பாலும் எட்டுக் கோள்களையும் தோளோடு தோள் உரச வரிசையாக வரைந்துவிடுகிறார்கள். வியாழனுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூமிகளை அடைக்கலாம். படத்திலோ அது பூமியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். ஒன்றில் புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கோள். 2006-லேயே அதைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்களே! சனியின் நிலாக்களைக் குறைத்துச் சொன்னால்கூட மன்னிக்கலாம், அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

அவளுக்கு விநோதங்கள்தான் பிடிக்கும். வெள்ளி சூரியனைச் சுற்ற 225 நாள், தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் என்றதும், "அப்போ அங்கே தூங்கி எழுவதற்குள் பிறந்தநாள் வந்துடுமா?" என்று கேட்டாள். பாதி சரிதான்! இப்படிக் கேட்க வைக்கிற புத்தகம் வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, விண்கலங்கள் எடுத்த நிஜப் படங்கள் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் எது எடுபட்டது? அப்போது பிள்ளைக்கு என்ன வயது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.