குஞ்சுகளுக்கு அடியில் நின்ற விரால்

எங்கள் நால்வருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடிவது ஏரிக்கரையில்தான். ஒருவர் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். இன்னொருவர் வெல்டிங் வேலை செய்கிறார். நான் பள்ளிக்கூட ஆசிரியன். அதிகாலை நாலரை மணிக்கு ஐந்து ரோட்டில் கூடி, இரண்டு வண்டிகளில் ஓமலூர் வழியாக வடக்கே போவோம். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் சரபங்காவின் தண்ணீர் சேர்கிற ஏரிகளுள் ஒன்றில்தான் ஐந்து ஆண்டுகளாக விரால் பிடித்து வருகிறோம். ஏரியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்திருப்பவரிடம் முதல் நாளே சொல்லி, அவர் கேட்கும் தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் கரையில் இறங்குவோம். குத்தகைக்கு விட்ட நீரில் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு என்பதில் எங்களுக்குள் வேறு பேச்சில்லை.

அந்த ஏரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கிழக்கே மலை நிற்பதால், பொழுது புலர்ந்து வெகுநேரம் ஆகியும் வெயில் தண்ணீரில் விழாது. மற்ற ஏரிகளில் ஏழு மணிக்கே அடங்கிவிடும் மேற்பரப்புக் கடி, அதாவது மீன் மேலே வந்து இரையைக் கவ்வுவது, மலை நிழலின் தயவால் அங்கே எட்டரை வரைக்கும் நீளும். நிழலின் விளிம்பு எதிர்க்கரையிலிருந்து மெல்ல நம்மை நோக்கி நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே, அது வந்து சேர்வதற்குள் எத்தனை வீச்சு வீசலாம் என்று கணக்குப் போடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கருவிகளைப் பற்றிப் புதியவர்கள் அடிக்கடி கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏழடி மீடியம் ஹெவி ராடு (சற்று விறைப்பான தூண்டில் கோல்), 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பு சுற்றும் கருவி), 40 பவுண்டு பிரெய்டு நரம்பு (இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) ஆகியவை என்னுடையவை. 40 பவுண்டு என்றால் ஏறத்தாழ 18 கிலோ தாங்கும். இரண்டு கிலோ விராலுக்கு இது மிகை என்று தோன்றும். ஆனால் நாம் இழுப்பது மீனை மட்டுமன்று, அது புகுந்துகொள்ளும் ஆகாயத்தாமரை வேர்களையும் சேர்த்துத்தான். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீண்டுகொடுக்கும். தொலைவில் மீன் கவ்வியதும் நாம் சுண்டுகிற சுண்டில் பாதி அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும். விராலின் வாய் எலும்பும் பல்லுமாக இறுகியிருப்பதால், முள் ஏற வேண்டுமானால் சுண்டு முழுதாகப் போய்ச் சேர வேண்டும். பிரெய்டு ஏறக்குறைய நீள்வதே இல்லை. தண்ணீரில் மிதக்கவும் செய்கிறது. முடிச்சுப் போடும் வேலையைக் கொலுசுப் பட்டறை நண்பரிடம் விட்டுவிடுவோம். மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பியில் பழகிய விரல்கள் போடும் பலோமர் முடிச்சு இதுவரை ஒருமுறைகூட அவிழ்ந்ததில்லை.

லூரை, அதாவது போலி இரையைப் பொறுத்தவரை, செடி அடர்ந்த ஏரிக்கு ரப்பர்த் தவளைக்கு நிகரானது எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்கும் அந்தத் தவளையின் முதுகோடு ஒட்டினாற்போல் இரட்டை முள் மேல்நோக்கி இருக்கும். அல்லி இலை மேலும் பாசி மேலும் இழுத்து வந்தாலும் அது சிக்காது. மீன் கவ்வி, உடல் நசுங்கும்போதுதான் முள் வெளிப்படும். இதனால்தான் தண்ணீர் வெடித்த மறுகணமே சுண்டக் கூடாது. மீன் தவளையோடு உள்ளே இறங்கி, நரம்பு கனப்பதைக் கை உணரும்வரை பொறுக்க வேண்டும். வெல்டர் நண்பர் இதைப் பழகுவதற்காக மாதக்கணக்கில் 'ஒன்று, இரண்டு' என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மீன் பிடித்தார்.

நான் சொல்ல வந்தது சென்ற புரட்டாசியில் நடந்தது. புரட்டாசியில் எங்கள் நான்கு வீடுகளிலும் கவிச்சி சமைப்பதில்லை. ஆனாலும் ஏரிக்குப் போகாமல் இருக்க முடியாததால், பிடித்த மீனை அங்கேயே விட்டுவிடுவது என்ற ஏற்பாட்டோடு அந்த மாதம் முழுவதும் போவோம். முந்தைய வாரம் பெய்த இடிமழையில் ஏரி நன்றாக ஏறியிருந்தது; கரையோரப் புல்தரையெல்லாம் முழங்காலளவு தண்ணீரில் நின்றது. கோரைக்கும் அல்லி இலைகளுக்கும் நடுவே, இரண்டு முழ அகலத்திற்குத் தண்ணீர் மட்டும் தூறல் விழுவதுபோல் சிலிர்த்துக்கொண்டிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. உற்றுப் பார்த்தபோது, செம்மண் கரைந்ததுபோல் ஒரு நிறம் அங்கே நகர்வது தெரிந்தது. நூற்றுக்கணக்கான சிவந்த குஞ்சுகள், ஒவ்வொன்றும் அரை விரல் நீளம்கூட இல்லை, முறை வைத்தாற்போல் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தன.

குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் தவளையை இறக்கினால் தாய் விரால் கட்டாயம் அடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். வீசினேன். முதல் முறை அது வாயைத் திறக்கவே இல்லை. மூடிய வாயால் தவளையை ஓரடி உயரத்திற்குத் தூக்கி எறிந்தது. இரண்டாம் முறை இலையோடு சேர்த்துக் கவ்வியது. கரைக்கு வந்தபோது இரண்டு கிலோவுக்குக் குறையாது என்று தோன்றியது. அன்றுவரை என் கையில் வந்த விரால்களில் அதுதான் பெரியது. நண்பர்கள் போன்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கோலை ஊன்றி இறங்கி வந்து, "சாமி, அது குஞ்சோட இருக்கற மீனுங்க. அதை எடுத்துட்டா அத்தனையும் செத்துப்போயிருமுங்க" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. கேட்டுக்கொள்ளும் தொனிதான் இருந்தது. படம் எடுக்கவில்லை. கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, அடிவயிற்றைத் தாங்கித் தண்ணீரில் பிடித்தேன். வாலை ஒருமுறை அடித்து என் முகத்தில் சேற்றை இறைத்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு நால்வரும் வீசவே இல்லை. கொண்டுபோன தட்டுவடையைத் தின்றபடி அந்தச் சிலிர்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். குஞ்சுகள் சிதறிப் போயிருந்தன. கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஒன்றுகூடின. அவற்றின் கீழே ஒரு கருநிழல் அசைந்தது.

வீட்டுக்கு வந்து படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். விராலின் முட்டைகள் மேற்பரப்பில் மிதப்பவை. ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு பல வாரங்களுக்குப் பெற்ற மீன்கள் குஞ்சுகளுக்கு அடியிலேயே காவல் திரிகின்றன. விரால் செவுளால் மட்டும் வாழ முடியாத மீன். காற்றைக் குடித்தே தீர வேண்டும். குஞ்சுகளும் அப்படியே என்பதால், அவை மேலே வந்து வந்து நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. காவல் மீன் தவளையை அடிப்பது பசியால் அன்று, விரட்டுவதற்காக. பசித்த மீனை ஏமாற்றுவதற்குத் தேவையான நிதானமும் அனுபவமும் இதற்குத் தேவையே இல்லை. இதைத் திறமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. குஞ்சுக் கூட்டத்தைத் தேடி அலைந்து வீசுகிற நண்பர்கள் இதைப் படித்தால் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன். உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

*

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மேட்டூர்க்காரன். உங்களுக்குச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு அன்றைக்கு யாரும் இல்லை.

எங்கள் அணை 1934-இல் முடிந்தது. நீர்மட்டம் 120 அடி வரை ஏறும். கோடையில் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும்; காய்ந்த படுகையில் சோளமும் கடலையும் போடுவார்கள். ஆடியில் காவிரிப் புதுவெள்ளம் வந்ததும் அந்த நிலங்களில் புல்லும் தட்டையுமாக மறுபடி நீர் ஏறும். விரால் முட்டையிட இதைவிட நல்ல இடம் வேண்டுமா? சில ஆண்டுகளுக்கு முன், மீன்பிடி உரிமம் வைத்திருக்கும் மாமாவின் பரிசலில் போய், அப்படிப்பட்ட ஓர் ஓடையின் வாயில் சிவந்த குஞ்சுகளைக் கண்டேன். நீங்கள் செய்ததையே நானும் செய்தேன். ஆனால் மீனைச் சாக்கில் போட்டுக்கொண்டேன்.

பரிசல் காத்திருந்ததால் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. முதலில் குஞ்சுகள் ஒரே பந்தாகச் சுற்றின. பிறகு ஓரங்களில் ஜிலேபி மீன்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவை பெரிய மீன்கள்கூட இல்லை, உள்ளங்கை அகலம்தான். காவல் இருந்தபோது பத்தடிக்குள் வராதவை, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பந்தின் விளிம்பைக் கடித்தெடுக்கத் தொடங்கின. சிவப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. மாமா துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினார். போவதுபோல் போய் மீண்டும் வந்தன. சாக்குக்குள் அந்த விரால் ஈரத்தில் உயிரோடுதான் இருந்தது, துள்ளிக்கொண்டும் இருந்தது. திரும்ப விடலாம் என்று எனக்குத் தோன்றியபோது கூட்டத்தில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஜிலேபியை நான் குறை சொல்லவில்லை. அதுவும் குஞ்சு காக்கும் மீன்தான்; ஒருமுறை கரையில் போட்ட ஜிலேபி ஒன்று வாயிலிருந்து குஞ்சுகளைக் கக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மீன் ஆண்டில் பல முறை பெருகுகிறது. எத்தனை பிடித்தாலும் குறைவதாகத் தெரியவில்லை. விராலுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே ஆடி முதல் கார்த்திகை வரை நான் தவளையை எடுப்பதில்லை. தக்கையும் மண்புழுவும் போட்டு ஜிலேபி பிடிக்கிறேன். குழம்புக்கு அதுவே போதும்.

*

இருவர் எழுதியதையும் படித்தேன். நான் கண்ணங்குறிச்சியைச் சேர்ந்தவள். என் அண்ணனோடும் அவர் நண்பர்களோடும் சேர்ந்து தூண்டில் போடுகிறேன். விட்டுவிடும் எண்ணத்தோடு பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளைக் கொறடால் நசுக்கிவிடுங்கள். தவளையின் இரட்டை முள் விராலின் வாயில் ஆழமாக ஏறிவிட்டால், எதிர்முள்ளோடு பிடுங்கும்போது தாடைச் சதை கிழிந்துவிடுகிறது. நசுக்கிய பிறகு மீன் தப்பிவிடும் என்று அண்ணன் பயந்தார். நரம்பைத் தளரவிடாமல் ராடு நுனியை வளைவிலேயே வைத்திருந்தால் அப்படியொன்றும் தப்புவதில்லை என்பதை இரண்டு பருவங்களாகப் பார்த்துவிட்டோம். இன்னொன்று, வெயிலில் சுட்ட பாறைமேல் மீனைக் கிடத்தி அளக்காதீர்கள். அதன் வழவழப்புத்தான் அதற்குத் தோல் காப்பு.

ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தக் குஞ்சுகளை மறுபடி பார்த்தீர்களா?

*

பார்த்தோம் அம்மா. புரட்டாசி முடிந்து, தீபாவளிக்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தண்ணீர் ஓரடி இறங்கியிருந்தது. முன்பு கண்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, மதகுப் பக்கம், விரல் நீளத்தில் குஞ்சுகள் திரிந்தன. சிவப்புப் போய்ப் பழுப்பேறியிருந்தன. கூட்டம் முன்போல் நெருக்கமாக இல்லை; நான்கைந்தாகப் பிரிந்து பிரிந்து கோரைக்குள் போய்க்கொண்டிருந்தன. அவை அதே குஞ்சுகள்தாமா என்று கணக்கெழுதும் நண்பர் கேட்டார். அவைதான் என்று வெல்டர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். காவல் மீன் கண்ணில் படவில்லை. அன்று எங்கள் முட்களும் நசுக்கப்பட்டிருந்தன. மதகை விட்டு விலகி, மலை நிழல் இன்னும் கிடந்த தென்கரைக்கு நடந்து போய் முதல் வீச்சை அங்கே வீசினோம்.