படம் அழகானதும் காசு நின்றுவிட்டது: தெருப் பூனை, நாய்களின் மருத்துவச் செலவுக்கு நன்கொடை திரட்டிய அனுபவங்கள்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து:

எங்கள் ஃபிளாட் கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளுக்கு நானும் எதிர் புளோக் சீன ஆன்ட்டியும் சோறு போடுகிறோம். அதில் ஒரு கடுவனுக்கு மூக்கு வீங்கி, நடுவே குழி விழுந்து நீர் வடிந்தது. டாக்டர் கண்ணாடித் துண்டைப் புண்ணில் ஒற்றி எடுத்தார். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “ஸ்போரோ” என்றார். இந்த ஊர்ப் பூனைகளிடம் சாதாரணமாகக் காணும் பூஞ்சைத் தொற்றுதான். பிறாண்டினால் மனிதனுக்கும் ஒட்டும், அதனால் கையுறை போடாமல் தொடக்கூடாது.

படத்தைக் குடியிருப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டேன். அன்றிரவே 10 வெள்ளி (ரிங்கிட்), 50 வெள்ளி என்று விழ ஆரம்பித்தது. என் கணக்கில் வாங்கவில்லை. நேராகக் கிளினிக் கணக்குக்கு, பூனையின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பச் சொன்னேன். இட்ரகோனசோல் கேப்சூலைத் திறந்து ஈரத் தீனியில் கலந்து தினமும் கொடுத்தோம். பொருக்கு உதிர்ந்து மூக்கு பழையபடி ஆனது. ஆறிய மூக்கின் படத்துக்கு எல்லாரும் ஹார்ட் போட்டார்கள். காசு மட்டும் வரவில்லை.

இங்கேதான் சிக்கல். புண் மறைந்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் மருந்து தொடர வேண்டும், நடுவில் விட்டால் திரும்பி வரும். ஆறிய பூனைக்கு எதற்கு மருந்து என்று ஒருவர் குழுவிலேயே கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது! கடைசிவரை கை கொடுத்தது வாசலில் நாசி லெமாக் விற்கும் மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா. வாராவாரம் 5 வெள்ளியை நாலாய் மடித்து நீட்டுவார். அதை மட்டும் கையில் வாங்கிக்கொண்டேன்.

பினாங்கு, ஜெலுத்தோங்கிலிருந்து:

அக்கா சொல்வது எங்கள் பக்கமும் அப்படியே. 2015 செப்டம்பரில் இங்கே வெறிநாய்க்கடி நோய் வந்தபோது, கோயில் பக்கத்து நாய்களுக்குத் தடுப்பூசி போட ஆளாளுக்குக் கொடுத்தார்கள். பயம்! இப்போது அதே தெருவில் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை என்று கேட்டால், “அடுத்த மாசம் பார்ப்போம்லா.” கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதாகும்போது கர்ப்பப்பையில் சீழ் கட்டும் அபாயம் உண்டு. அந்த அவசர அறுவைக்கு ஆகும் காசில் சில நாய்களுக்குக் கருத்தடையே முடிந்துவிடும். ஆனால் வலியில் சுருண்டு கிடக்கும் நாய்க்குத்தான் பணம் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் வரிக்கழிவு கிடைக்கும், தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. கிளினிக் பில்லுக்கோ பூனை பார்க்கும் அக்காவுக்கோ அனுப்பியதை வரிப் பாரத்தில் காட்ட முடியாது. அதற்காகக் கொடுக்காமல் இருக்காதீர்கள். ஆனால் பெரிய தொகை என்றால் அமைப்புக்குக் கொடுத்து, அதிகாரபூர்வ ரசீதை வாங்கி வையுங்கள்.

மீண்டும் செந்தூல்:

தம்பி, நன்றி. மீதிப் பணம் என்ன ஆனது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: கிளினிக்கில் இன்னும் 40 வெள்ளி இருக்கிறது. செத்தாப்பாக்கில் இன்னொரு ஸ்போரோ பூனை, பாதி சிகிச்சையில் நிற்கிறது. இதை அதற்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இந்த முறை புண் படம் போடப்போவதில்லை, மாதாமாதம் மருந்து பில்லைப் போடுகிறேன். பார்ப்போம், எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்று.