பொறுமைக்கு ஜெபித்தால் போதுமா? தாழ்மை என்றால் வாயை மூடிக்கொள்வதா?

மாடிவீட்டு மார்த்தாள் (தாம்வே, ரங்கூன்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வருகிறது. இறைச்சியை விடுவதா, டீயை விடுவதா என்பதெல்லாம் வீட்டில் பேசி முடிந்தது. பொறுமையையும் தாழ்மையையும் எப்படிப் பழகுவது என்றுதான் தெரியவில்லை. காலை ஜெபத்தில் இருக்கும் சாந்தம், கரண்ட் வந்து எல்லா வீட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் போய்விடுகிறது. ஐந்து வீட்டுக்கும் கீழே ஒரே தொட்டி. ஆறாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் கரண்ட் நின்றுவிடும். சத்தம் போட்டால் சாட்சி கெடுகிறது, சும்மா இருந்தால் உள்ளுக்குள் புகைகிறது. இரண்டில் எது பாவம்? ஜெபிப்பதைத் தவிர வேறென்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மோல்மேன் உபதேசி:

தங்கச்சி, எந்தப் பொறுமை குறைகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கொலோசெயர் 1:11-ல் பவுல் "எல்லாப் பொறுமையும் நீடிய சாந்தமும்" என்று இரண்டைச் சொல்கிறார். அது ஒன்றையே இரண்டு தரம் சொன்னதல்ல. கிரேக்கத்தில் முதலாவது ஹூப்பொமொனே, சுமைக்குக் கீழே நகராமல் நிற்பது. இரண்டாவது மக்ரோதுமியா, கோபம் எழும்ப நெடுநேரம் எடுப்பது. பெரும்பாலும் முன்னது நமக்கு நேரிடும் நிலைமைகளைத் தாங்குவது, பின்னது மனிதர்களைத் தாங்குவது. 1 கொரிந்தியர் 13-லும் இரண்டும் உண்டு: 4-ம் வசனத்தில் "நீடிய சாந்தம்", 7-ம் வசனத்தில் "சகலத்தையும் சகிக்கும்".

கரண்ட் போவதற்கு வேண்டியது முதலாவது. முந்திக்கொண்டு மோட்டார் போட்ட கீழ்வீட்டுக்காரரிடம் வேண்டியது இரண்டாவது. கரண்ட்மேல் வந்த எரிச்சலை அந்த மனிதர்மேல் கொட்டும்போதுதான் காரியம் கெடுகிறது. ஆகவே கோபம் கிளம்பும்போதே "இது கரண்ட்மேலா, ஆள்மேலா?" என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆகும் ஒரு மூச்சு நேரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டில் எது பாவம் என்று கேட்டீர்கள். எபேசியர் 4:26 கோபம் வரக்கூடாது என்று சொல்லவில்லை. கோபத்தில் பாவம் செய்யாதே, சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்கிறது. அன்றைக்கு வரும் புகைச்சலைவிட, அதை ராத்திரி தாண்டிச் சேர்த்துவைப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்த ஊரில் பொறுமையைப் பற்றிப் பேசினால், அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி ஜட்சனைச் சொல்லாமல் விட முடியாது. 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூனில். நடுவில் ஏறக்குறைய ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் பர்மிய மொழி படித்தார், மத்தேயுவை மொழிபெயர்த்தார். ஹூப்பொமொனே கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதல்ல, பலன் தெரியாத நாளிலும் அன்றைய வேலையைச் செய்வது.

ஜெபமாலை அக்கா:

உபதேசி அண்ணன் சொன்னதோடு ஒரு பயிற்சியும் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர். ஆனாலும் இதைச் செய்ய எந்தச் சபையாருக்கும் தடையில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தமது 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில் 'தனி ஆன்ம சோதனை' என்று ஒன்று வைத்திருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரே குற்றத்தைத்தான் எடுக்க வேண்டும். "கோபம்" என்று எடுத்தால் பிடி கிடைக்காது. "மோட்டார் நேரத்தில் குரலை உயர்த்துவது" என்று சின்னதாக எடுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் நாளுக்கு இரண்டு கோடு போடுங்கள். காலையில் எழுந்ததும் அந்த ஒரு குற்றத்தில் விழாமலிருக்க அருள் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுந்ததிலிருந்து மணி மணியாகப் பின்னோக்கிப் பாருங்கள், விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி மேல்கோட்டில். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதேபோல் கீழ்க்கோட்டில். இடையில் விழுந்த அந்தக் கணமே நெஞ்சில் கை வைத்து மனஸ்தாபப்பட வேண்டும். பத்துப் பேர் நடுவில் இருந்தாலும் அது யாருக்கும் தெரியாது என்று இஞ்ஞாசியாரே சொல்லியிருக்கிறார். பிறகு மதியத்தை இரவோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடுங்கள்.

இது தவறிப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் சேர்த்து எழுதினால் மனது தனக்குச் சாதகமான கணக்கைத்தான் கொடுக்கும். முதல் வாரத்தில் புள்ளி கூடும். கோபம் கூடியதால் அல்ல, இதுவரை கவனிக்காததைக் கவனிப்பதால். பலர் அந்த வாரமே நோட்டை மூடிவிடுகிறார்கள். புள்ளி குறைந்த பிறகு வருவது இன்னும் ஆபத்து: "நான் பரவாயில்லை" என்ற எண்ணம். அதனால் எண்ணுவதற்கு முன் நன்றி சொல்லித் தொடங்குங்கள். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள், ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. அந்த 40 நாளும் இந்த ஒரே குற்றம்தான், நடுவில் மாற்றாதீர்கள்.

பெகு ரோடு:

தாழ்மையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பர்மாவில் வளர்ந்தவர்கள், பர்மியர் 'ஆனாதே' என்று சொல்லும் தயக்கம் நம் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. எதிராளிக்குச் சங்கடமாகுமோ என்று நமக்கு வேண்டியதை விழுங்கிவிடுகிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதுவே மனத்தாழ்மை என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே புகைகிறது என்றால் அங்கே இருப்பது பயம். யோவான் 13:3-ஐப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்துதான் இயேசு எழுந்து துண்டைக் கட்டுகிறார். தாம் யாரென்று தெரிந்தே குனிகிறார். அதே இயேசு 18:23-ல் கன்னத்தில் அடித்தவனிடம், தகாததைப் பேசியிருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

ஆகவே அந்தக் கீழ்வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாக, அவருடைய வீட்டு வாசலில். படிக்கட்டில் நாலு பேர் பார்க்கப் பேசினால் அவருக்கு முகம் போய்விடும், பிறகு நியாயம் ஏறாது. 'தீகான்பா' (பர்மிய மொழியில் 'மன்னியுங்கள்') என்று ஆரம்பித்து, கேட்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். பழைய கணக்கை இழுக்காதீர்கள்.

போகும்போது கையில் முறைக்கணக்கு இருக்கட்டும். ஐந்து மோட்டாரும் சேர்ந்து ஓடினால் வோல்ட் இறங்கும். மோட்டார் உறுமும், சுற்றாது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். அதனால் முறை வைப்பது முதல் மாடிக்கும் லாபம். மாடியில் வீட்டுக்கு ஒரு 200 கேலன் தொட்டி, நிமிடத்துக்கு 20 லிட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் நிரம்ப ஏறக்குறைய 45 நிமிடம். ஐந்து வீட்டுக்கு 225 நிமிடம். கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் போதும். உங்கள் மோட்டாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து முதலில் அளந்துகொள்ளுங்கள்.

மாடிவீட்டு மார்த்தாள்:

நன்றி அண்ணே. கரண்ட் சீக்கிரம் போனால் கடைசி முறைக்காரர் பாடு? அதற்கே மறுபடி சண்டை வருமே.

பெகு ரோடு:

வரும். அதனால் வரிசை தினமும் சுற்ற வேண்டும். இன்று முதலில் போட்டவர் நாளைக்குக் கடைசி. நடுவில் கரண்ட் போனால், விட்ட வீட்டிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். முதல் நாள் கடைசி முறையை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பேச்சு சுலபமாகும். அட்டவணையை பர்மிய எழுத்திலும் எழுதி, கீழ்த்தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், அவரவர் முடித்த நேரத்தை அவரவரே எழுதட்டும்.