புதுப்பிப்பு: வெர்மீர் நகல், முகம் பிடிபட்டுவிட்டது

டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த 'முத்துக் காதணி அணிந்த பெண்' ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்கிறேன், முகம் தட்டையாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தேன். நிறத்தை ஒதுக்கிவைத்து, பழுப்பு அடிப்பூச்சிலேயே ஒளி நிழலை முடிக்கச் சொன்னீர்கள். அதுதான் சரியான வழி! மூக்குத்தண்டுக்கும் அதை ஒட்டிய கன்னத்துக்கும் நடுவே வெர்மீர் கோடே போடவில்லை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கலந்துவிடுகின்றன. நகலெடுக்காமல் இதைக் கண்டிருக்கவே மாட்டேன். முத்தும் அப்படித்தான்: மேலே ஓர் ஒளிப்புள்ளி, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மங்கலான பிரதிபலிப்பு. கொக்கிகூடக் கிடையாது.

ஓவியத்தின் பின்னணி நிறத்தைக் கேட்டவருக்கு: இன்று கறுப்பாகத் தெரிவது முதலில் பச்சைத் திரை என்று 2018இல், ஓவியம் இருக்கும் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம் தொடங்கிய ஆய்வு காட்டியது. நான் பச்சையாகவே தீட்டப்போகிறேன். அடிப்பூச்சு காய்ந்ததும் தலைப்பாகைக்கு அல்ட்ராமரைன் நீலம், எண்ணெய் சற்றுக் கூட்டி, மெல்லிய பூச்சாக.