கோல்ஃப் மட்டைத் தண்டும் துருவும்: ‘பிட்டிங்’ என்பதற்கு என்ன சொல்லலாம்?

வைத்திக்குப்பம், புதுச்சேரியிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோல்ஃப் மட்டைகளைத் துடைத்துப் பராமரிக்கும் பணியாளர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கையை வியாழக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். இரண்டு சொற்களில் தட்டி நிற்கிறேன். ஒன்று ஷாஃப்ட், தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள எஃகுக் குழாய். மற்றது பிட்டிங், துரு தின்று விழும் சிறு குழி.

தண்டின்மேல் நிக்கலும் அதன்மேல் குரோமும் முலாம் பூசியிருப்பார்கள். அந்த முலாமில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் உப்பும் ஈரமும் இறங்கி அடியிலுள்ள எஃகைத் தின்னத் தொடங்கும். மேலே படிந்த துரு தேய்த்தால் போய்விடும். குழி விழுந்தது போகாது. அது தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் சுற்றியுள்ள நல்ல முலாமும் போகும். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

நேற்று மாடியில் உட்கார்ந்து ஒரு பழைய மட்டையில் செய்து பார்த்தேன். வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைத்துவிட்டு, இருப்பதிலேயே மெல்லிய கம்பி நாரால் நீளவாக்கில் தேய்த்தேன். பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. துடைத்ததும் முகம் தெரிகிற பளபளப்பு. ஆனால் கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே ஏழெட்டுக் கரும்புள்ளிகள் அப்படியே நின்றன. நகத்தை ஓட்டினால் அங்கே தட்டுகிறது. நகம் தட்டும் அந்த இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

திருப்பாப்புலியூரிலிருந்து:

தம்பி, ஷாஃப்டுக்குத் தண்டு வேண்டாம். காழ் என்ற சொல் இருக்கிறது. புறநானூறு 95இல் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து ஔவையார் ‘கண்திரள் நோன்காழ் திருத்தி நெய் அணிந்து’ என்கிறார். காழ் என்பது வேலின் காம்பு. நெய் பூசிப் பேணியதும் அதே அடியில் இருக்கிறது. உங்கள் துண்டறிக்கை சொல்லப்போவதும் அதைத்தானே?

இன்னொன்று. காழ் என்றால் மரத்தின் வைரம். எஃகு வருவதற்கு முன் இந்தத் தண்டுகளை ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தில்தான் செய்தார்கள். பிரிட்டனில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு எஃகுத் தண்டை ஏற்றதே 1929இல். ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது தொல்காப்பிய மரபியல். உள்ளே வைரம் உள்ள ஹிக்கரி அகக்காழ். உள்ளே வெற்றாக, புறத்தே வலுவாக உள்ள எஃகுக் குழாய், மூங்கிலைப் போலப் புறக்காழ். ஒரே சொல் இரண்டு காலத்துக்கும் பொருந்துகிறது.

கடலூர் முதுநகரிலிருந்து:

ஐயா, நீங்கள் காட்டிய அடி அருமை. ஆனால் என் படகு இஞ்சின் பட்டறையில் காழ் என்று எழுதி ஒட்டினால் ஒருவருக்கும் புரியாது. துரு எனக்குத் தினசரி வேலை. பிட்டிங் என்பது பல்லில் விழும் சொத்தை போல. மேலே துளை சிறிதாகத் தெரியும், உள்ளே அகலமாகத் தின்றிருக்கும். ‘சொத்தைத் துரு’ என்று போடுங்கள், படித்ததும் புரியும். அப்புறம் ஒன்று: கைப்பிடி ரப்பரின் மேல்முனையில் ஒரு சிறு துளை இருக்கும். மட்டையைத் தண்ணீரில் முக்கினால் அதன் வழியே இறங்கிக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அதையும் மறக்காமல் சேருங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

சொத்தை வேண்டாம் அண்ணா. சொத்தை வாதம், சொத்தைச் சாமான் என்று பேச்சில் வேறு பொருள் ஏறிவிட்டது. மட்டையே உதவாது என்று நினைத்துவிடுவார்கள். பள்ளி வேதியியலில் உலோகம் அரிக்கப்படுவதற்கு அரிமானம் என்ற சொல் இருக்கிறது. அதையொட்டி ‘குழி அரிமானம்’ எனலாம். தம்பிக்கு ஒரு குறிப்பு: வினிகர் அமிலம். தேய்த்து முடித்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் மறுபடி பிடிக்கும்.

திருப்பாப்புலியூரிலிருந்து:

அரிமானம் துரு என்ற வேரை மறைத்துவிடுகிறது அம்மா. துருவுதல் என்றால் துளைத்தல். தேங்காய் துருவுவதும் அதுதான். துரு இரும்பைத் துருவுகிறது. குழிக்கு ‘துருவு’ என்றே சொல்லலாம். கோல்ஃப் என்ற பெயரிலேயே நம் கோல் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா, ஒலி ஒத்துப்போவதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. கோல்ஃப் என்பதைத் தடியைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு இணைத்துப் பேசுகிறார்கள். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் நம் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்தார்கள் என்பது உண்மை. அதற்காகச் சொல்லும் இங்கிருந்து கப்பலேறியது என்று சொல்ல முடியாது. துருவுக்கும் இதையேதான் சொல்வேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து:

புதன் இரவாகிவிட்டது. தண்டுக்குத்தான் ஆதரவு அதிகம், அதையே வைக்கிறேன். மேலே படிந்தது ‘மேல்துரு’, நகம் தட்டுவது ‘துருக்குழி’. சொத்தைக்கும் அரிமானத்துக்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது இதுதான். ‘துருக்குழி தெரிந்தால் தேய்ப்பதை நிறுத்தவும், எண்ணெய் பூசி வைக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். கைப்பிடித் துளையையும் சமையல் சோடாவையும் சேர்த்துவிட்டேன்.

கடலூர் முதுநகரிலிருந்து:

சரி. புரிகிறது, போதும்.

திருப்பாப்புலியூரிலிருந்து:

துருக்குழி இருக்கட்டும். தண்டு கீரைக்கும் வாழைக்கும் உரியது. என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது காழை மறுபடி எடுத்துப் பேசுவேன்.