மலேரியாவும் நெஞ்சுப் படபடப்பும்: உங்கள் அனுபவம் என்ன?

1999இல் எனக்குப் பதின்மூன்று வயது. மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் வட்டைக் (வயல்) காவலுக்குப் போய்வந்த அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. இரத்தம் குத்திப் பார்த்ததில் பல்சிபாரம் மலேரியா, அதாவது மலேரியாவில் ஆபத்தான வகை.

ஆஸ்பத்திரியில் சேலைனோடு குயினைன் என்ற மலேரியா மருந்தை ஏற்றினார்கள். நாலு மணித்தியாலம், சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் பிரஷர் விழும், இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று சொன்ன நேர்ஸ் அக்கா, மணிக்கூட்டைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணிக்கொண்டே நின்றார். அப்பா என் கையைப் பிடித்து, "காதுக்குள்ள வண்டு இரையுது மகன். நெஞ்சுக்குள்ள நெல்லுக் குத்துற மாதிரிக் கிடக்கு" என்றார்.

காதிரைச்சல் மருந்தால் வந்தது. நெஞ்சிடிக்குக் காய்ச்சலும் இரத்தக் குறைவும்தான் காரணம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கிருமி சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. மிஞ்சிய கொஞ்ச இரத்தத்தை வைத்து உடம்பு முழுக்க ஒட்சிசன் கொடுக்க இதயம் ஓடியோடி உழைக்கவேண்டும். போதாததற்குப் பல்சிபாரம் புகுந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதயத் தசைக்குள் ஓடும் குழாய்களும் அதற்குத் தப்பாது.

அப்பா பிழைத்து வந்தார். வேறு யாருக்காவது இப்படி நெஞ்சில் பிடித்ததா?

— அக்கரைப்பற்றிலிருந்து:

எங்கட மச்சானுக்கு, 2019இல. கல் யாவாரத்துக்கு மொசாம்பிக் போய் வந்து பத்தாம் நாள் காய்ச்சல். ரெண்டு இடத்துல டெங்கு என்டு பார்த்து, இல்ல என்டு பனடோல் குடுத்து அனுப்பிட்டாங்க. அவங்களையும் முழுசாக் குறை சொல்ல ஏலா. இலங்கைக்குள்ள தொத்தின மலேரியா 2012 ஒக்டோபரோட நின்டு, 2016இல உலக சுகாதார நிறுவனமும் மலேரியா இல்லாத நாடு என்டு சொல்லிட்டு. இளம் டொக்டர்மார் கண்ணால கண்டிருக்க மாட்டாங்க. ஆனா எங்க போய் வந்தீங்க என்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நாலாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிட்டு. பெரிய ஆஸ்பத்திரில வயசான ஒரு டொக்டர்தான் ஆபிரிக்கா போனீங்களா என்டு கேட்டாரு. பல்சிபாரம். இரத்தத்துல ட்ரோபோனின் என்ட புரதமும் கூடியிருந்த, அதாவது இதயத் தசையும் அடிபட்டிருக்கு. ஆட்டிசுனேட் என்ட மலேரியா ஊசி போட்டாங்க. நுரையீரல்ல தண்ணி கோத்துரும் என்டு சேலைனக் கூட அளந்து அளந்துதான் ஏத்தின.

— அல்லாஹ்தான் காப்பாற்றியிருக்கிறான். மச்சான் இப்ப எப்படி இருக்கிறார்?

— ரெண்டு மாசம் படியேற இளைச்சாரு. பிறகு இசிஜி சரியாயிட்டு. அடுத்த பயணத்துக்கு முதல் ராத்தாவே கூட்டிட்டுப் போய், மலேரியாத் தடுப்புப் பிரிவுல இலவசமாக் குளிசை எடுத்துக் குடுத்தா.