பச்சைக் குப்பைமேனியை எண்ணெயில் ஊறவைக்கலாமா?

காரைக்குடி மருமகள்: கால் தோல் வறண்டு அரிக்கிறது. செக்குத் தேங்காய் எண்ணெயில் பச்சை இலையைப் போட்டு வெயிலில் வைத்தால் போதுமா?

தேவகோட்டை ஆச்சி: வேண்டாம்மா, இலையில் இருக்கும் ஈரத்தால் பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் நொறுங்கும் அளவுக்கு உலர்த்தி, ஒரு பங்கு இலைக்கு ஐந்து பங்கு எண்ணெய் ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இரண்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் விடு. அப்புறம் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்று.

பள்ளத்தூர்க்காரன்: பச்சை இலையிலும் காய்ச்சலாம் ஆச்சி, சடசடப்பு முழுதாக அடங்கும்வரை சிறு தீயில் வைத்திருந்தால் ஈரம் போய்விடும். ஆனால் அக்கா, குப்பைமேனியே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். தோல் வெடித்து நீர் கசிந்தால் எண்ணெயே வேண்டாம், தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.